வேதாளம் ஏமாற்றுவதில்லை

அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த நிபந்தனை மனப்பாடம். பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு விக்கிரமன் மயானத்தை நோக்கி நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் வழியில் ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அரசனின் தலை வெடித்துவிடும். விடை சொன்னாலோ மௌனம் கலைந்துவிடும்; வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தோல்விதான். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இந்த நடை 24 கதைகளுக்கு நீள்கிறது.

அந்தப் பொறியிலிருந்து அரசன் மீண்ட விதம்தான் அழகு. எந்தத் தெய்வமும் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. புதிதாக ஒரு மந்திர வாளும் அவன் கைக்கு வரவில்லை. கடைசிக் கதையில் தந்தை ஒருவன் ஓர் இளம்பெண்ணையும், அவனுடைய மகன் அந்தப் பெண்ணின் தாயையும் மணக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. அரசனுக்கு விடை தெரியவில்லை. தெரிந்தும் பேசாதவனுக்குத்தான் தலை வெடிக்கும். தெரியாதவன் பேசாமல் நடக்கலாம். முதல் கதையிலேயே சொல்லிவிட்ட நிபந்தனைக்குள்தான் இந்த வாசல் இருந்திருக்கிறது.

கதை சொல்பவர் கேட்பவருக்குக் கொடுக்கும் வாக்கு இது. இந்த உலகத்தில் இன்னது நடக்கும், இன்னது நடக்காது என்று அவர் தொடக்கத்தில் சொல்கிறார். கேட்பவர் அதை நம்பித் தன் பயத்தையும் ஆசையையும் அந்த உலகத்தில் வைக்கிறார். நெருக்கடி முற்றும் நேரத்தில் கதைசொல்லியே அந்த வாக்கை மீறினால் நம்பியவர் ஏமாந்துபோகிறார். சினிமாவிலும் தொடர்களிலும் நாவல்களிலும் இது அடிக்கடி நடக்கிறது. யாராவது குறை சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "கதைதானே, இதில் போய் லாஜிக் பார்க்கலாமா?"

இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அது பார்வையாளரையும் மதிக்கவில்லை, கதையையும் மதிக்கவில்லை.

டிராகன் பறப்பதை ஏற்றுக்கொண்டவர் மற்றதை மட்டும் ஏன் கேள்வி கேட்கிறார் என்பது வழக்கமான வாதம். எஸ்.எஸ். ராஜமௌலி தெலுங்கிலும் தமிழிலும் எடுத்து 2012-இல் வெளியிட்ட 'நான் ஈ' இதற்குப் பதில் சொல்லும். கொலையான காதலன் ஈயாகப் பிறந்து கொன்றவனைப் பழிவாங்குகிறான். இதைவிட நடக்க முடியாத கதை இருக்க முடியாது. திரையரங்கில் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. ஏனென்றால் ஈ என்று சொன்ன பிறகு படம் முழுக்க அது ஈதான். மனிதக் குரலில் பேசுவதில்லை. ஆபத்து வந்தால் யானை அளவுக்கு வளர்வதில்லை. எதிரியின் தூக்கத்தைக் கெடுப்பது, மூக்கருகே பறந்து எரிச்சல் மூட்டுவது என்று ஈயால் முடிந்ததிலிருந்துதான் பழிவாங்கல் தொடங்குகிறது. அதற்கு ஆயுதமும் கவசமும் தேவைப்படுகின்றன. செய்து தருபவள் காதலி. மிக நுண்ணிய கலைப்பொருள்களைச் செய்பவள் அவள் என்பதை, காதலன் உயிரோடிருக்கும்போதே படம் காட்டிவிடுகிறது. நடக்கவே முடியாத ஒரு விஷயத்தை ஒருமுறை கேட்டு வாங்கிக்கொண்டு, மிச்சமெல்லாம் நியாயமாக நடந்துகொண்ட படம் அது.

2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் தன் 'கவிதையியல்' நூலில் இதைப் பேசியிருக்கிறார். நடக்கக்கூடியதாக இருந்தும் நம்பவைக்காத நிகழ்வைவிட, நடக்க முடியாததாக இருந்தும் நம்பவைக்கும் நிகழ்வே கவிஞனுக்கு மேல் என்பது அவர் கருத்து. யூரிபிடிஸின் 'மீடியா' நாடகத்தில் நாயகி கடைசியில் சூரியன் அனுப்பிய தேரில் ஏறித் தப்பிவிடுவதை அவர் குறையாகச் சொல்கிறார். முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும் என்பதே அவர் வைத்த அளவுகோல்.

அந்த அளவுகோலில் நம் புராணங்கள் தலைநிமிர்ந்து நிற்கும். வரமும் சாபமும் அங்கே சட்டத்தைப் போலச் செயல்படுகின்றன. கொடுத்த தெய்வமே திரும்பப் பெற முடியாது. இரணியனுக்கு மனிதனாலும் சாவில்லை, மிருகத்தாலும் இல்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. திருமால் நினைத்தால் அந்த வரத்தை ரத்து செய்துவிட்டு வந்து கொல்லலாம் என்று எந்தக் கதைசொல்லியும் எழுதவில்லை. பாதி மனிதனும் பாதி சிங்கமுமாக, அந்தி நேரத்தில், வாசற்படியில் வந்துதான் கொல்ல வேண்டியிருக்கிறது. வரத்தின் ஒவ்வொரு வரிக்கும் மரியாதை கொடுத்துவிட்டு, அது சொல்லாமல் விட்ட இடத்தில் கை வைக்கிறது கதை. வால்மீகியில் இல்லாத இந்த இரணியன் கதையைக் கம்பர் யுத்த காண்டத்தில் ஒரு படலமாகவே வைத்தார். அதை ராவணனுக்குச் சொல்பவன் விபீடணன். வரங்களை நம்பிக் கொண்டிருக்கும் அண்ணனிடம், வரத்தில் விட்டுப்போனது எதுவோ அதன் வழியாகத்தான் சாவு வரும் என்று தம்பி எடுத்துக் காட்டுகிறான். மனிதர்களைப் பொருட்படுத்தாமல் வரம் வாங்கியவன் அந்த அண்ணன்.

பாத்திரம் விதியை மீறுவது வேறு, கதைசொல்லி மீறுவது வேறு. மகாபாரதப் போர்க்களத்தில் விதிகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. பீமன் துரியோதனனின் தொடையில் அடிக்கிறான். ஆனால் கதை அதை மறைக்கவில்லை. பலராமன் கொதித்தெழுகிறான், துரியோதனன் விழுந்து கிடந்தபடியே நியாயம் கேட்கிறான். தருமரின் தேர் எப்போதும் தரையைத் தொடாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடும் என்கிறது துரோண பருவம். அசுவத்தாமன் இறந்தான் என்று அவர் துரோணரிடம் பாதிப் பொய் சொன்ன கணத்தில் அந்தத் தேர் தரையில் இறங்கிவிடுகிறது. அறத்தின் தலைவனே மீறினாலும் கணக்கு உடனே தீர்க்கப்படுகிறது. உலகத்தின் விதி அப்படியே நிற்பதால்தான் அதை மீறிய மனிதனின் வீழ்ச்சி தெரிகிறது.

ஒரு கதைவகையின் மரபை உடைப்பதும் குற்றமல்ல. அகதா கிறிஸ்டி 1926-இல் எழுதிய 'ரோஜர் அக்ராய்ட் கொலை' வந்தபோது துப்பறியும் நாவல் வாசகர்களில் பலர் கொதித்தார்கள். கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லி, இன்னும் படிக்காதவர்களின் சுவாரஸ்யத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துத் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ் போன்றவர்கள், வாசகருக்கும் எழுத்தாளருக்கும் இடையே நேர்மையான ஆட்டம் வேண்டும் என்றார்கள். அந்த நாவலை இரண்டாம் முறை படிப்பவருக்கு ஒன்று விளங்கும். கிறிஸ்டி ஓர் இடத்தில்கூடப் பொய் சொல்லவில்லை. எல்லாத் தடயமும் கண்ணெதிரே இருக்கிறது. மற்றவர்கள் கடைப்பிடித்த வழக்கத்தை உடைத்தாரே தவிர, தன் கதையின் சொல்லை அவர் உடைக்கவில்லை.

சின்ன மறதிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டாக்டர் வாட்சனுக்குப் போரில் குண்டடி பட்டது 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில் தோளில். 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் காலில். ஜான் என்ற பெயர் கொண்ட அவரை ஒரு கதையில் மனைவியே ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். ஆர்தர் கானன் டாயில் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போனவர். இதனால் எந்தக் கதையும் சரியவில்லை. எந்தத் துப்பும் அந்தக் காயத்தை நம்பி நிற்கவில்லை. ரசிகர்கள் அன்போடு விளக்கங்கள் எழுதினார்கள்; டோரதி சேயர்ஸ் வாட்சனின் நடுப்பெயருக்கே ஒரு தனி விளக்கம் கொடுத்தார். தொலைக்காட்சித் தொடரில் நடிகை மாறும்போது 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓடும் எழுத்தும் இந்த வகைதான். தயாரிப்பின் சிரமத்தை நேராகச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு நாளில் புது முகத்துக்குப் பழகிவிடுகிறார்கள்.

அப்படியானால் எந்த மீறல் கதையைக் கொல்கிறது? பின்னோக்கிப் போய், ஏற்கெனவே நடந்த வெற்றிகளையும் சாவுகளையும் அர்த்தமற்றதாக்கும் மீறல். ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு ஆட்டைத் தாண்டித்தான் புலி வெட்டலாம் என்று நம்பி ஆடுகளை நகர்த்தியவரிடம், கடைசிக் காய்க்கு மட்டும் இரண்டைத் தாண்டலாம் என்று சொன்னால், அதுவரை அவர் யோசித்து நகர்த்திய ஒவ்வொரு நகர்த்தலும் வீணாகிவிடுகிறது.

ரியான் ஜான்சன் இயக்கத்தில் 2017-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடாய்' படத்தில் ஒரு காட்சி. எதிரியின் பிரம்மாண்டக் கப்பல் துரத்துகிறது. துணைத் தளபதி ஹோல்டோ தனியாகத் தன் கப்பலில் தங்கி, அதைத் திருப்பி, ஒளிவேகத்தில் பாய்ச்சி எதிரிக் கப்பலைப் பிளக்கிறார். அந்தக் கணத்தில் ஒலி முழுவதும் நின்றுவிடும். ஒலிக்கருவி பழுதில்லை, மௌனம் படத்தில் உள்ளதே என்று அமெரிக்காவில் ஒரு திரையரங்கில் அறிவிப்பு ஒட்ட வேண்டியிருந்தது. கண்ணுக்கு அவ்வளவு அழகான காட்சி.

ஆனால் அந்த அழகுக்கு 1977-இன் முதல் படம் விலை கொடுக்கிறது. அதில் ஒரு கோளையே அழிக்கும் 'டெத் ஸ்டார்' நிலையத்தைத் தகர்க்கச் சிறு விமானங்கள் போகின்றன. போன விமானிகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ஒரு சிறு துளைக்குள் குண்டைச் செலுத்துவதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுதான் அந்தப் படத்தின் உயிர். ஒளிவேகத்தில் ஒரு கப்பலை மோதவிட்டாலே போதும் என்றால், இயந்திர மனிதர்கள் கப்பல் ஓட்டத் தெரிந்த அந்த உலகத்தில் அத்தனை பேர் ஏன் சாக வேண்டும்? 2019-இல் வந்த அடுத்த படம் இந்தக் கேள்வியை உணர்ந்தது. அது பத்து லட்சத்தில் ஒன்றாக நடப்பது என்று ஒரு பாத்திரத்தை ஒரே வசனம் பேசவைத்துவிட்டு நகர்ந்தது. நாற்பதாண்டுக் கதையில் விழுந்த ஓட்டையை ஒரு வசனத்தால் அடைக்க முடியாது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் சரிவு இன்னும் வேதனையானது, ஏனென்றால் அந்தத் தொடரை உயர்த்தியதே விதிகள்தான். 2011-இல் முதல் அத்தியாயத்திலேயே அரசனின் பரிவாரம் வடக்கே வந்து சேர ஒரு மாதம் ஆனது என்று அரசி அலுத்துக்கொள்கிறாள். அந்த உலகத்தில் தூரம் என்பது ஒரு சக்தி. செய்தி தாமதமாக வரும், உதவி வந்து சேராது, அதனால் மனிதர்கள் சாவார்கள். 2017-இல் ஏழாம் பருவத்தில், பனிச்சுவருக்கு அப்பால் நாயகர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவன் சுவர் வரை ஓடுகிறான். அங்கிருந்து காகம் தெற்கே டிராகன்ஸ்டோன் தீவு வரை பறக்கிறது. அங்கிருந்து டிராகன்கள் கிளம்பி, சரியான கணத்தில் வந்து சேர்கின்றன. அந்த அத்தியாயத்தை இயக்கிய ஆலன் டெய்லர், காலக்கணக்கு கொஞ்சம் இழுக்கப்பட்டதை ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டு, நம்பத்தகுந்த நடக்க இயலாமை என்ற அரிஸ்டாட்டில் வழிவந்த கருத்தையே துணைக்கு அழைத்தார். அந்த வாதம் அவருக்கு உதவாது. டிராகன்தான் நம்பத்தகுந்த நடக்க இயலாமை. அதை ரசிகர்கள் ஆறு பருவங்களாக நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். காகத்தின் வேகம் அந்தத் தொடரே ஏற்கெனவே அளந்து வைத்தது.

2019-இன் கடைசிப் பருவத்தில் மீறல் இன்னும் அப்பட்டமானது. ஓர் அத்தியாயத்தில் கப்பலிலிருந்து பாயும் ராட்சத அம்புகள் மூன்று, பறக்கும் டிராகனைக் குறிதவறாமல் வீழ்த்துகின்றன. அடுத்த அத்தியாயத்தில் அதே அம்புகள் கப்பல்களிலும் நகரச் சுவரிலும் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுகூட இன்னொரு டிராகனைத் தொடவில்லை. எதிரிக் கடற்படை இருப்பதை நாயகி ஏன் எதிர்பார்க்கவில்லை என்பதற்கு, அவள் அதை மறந்துபோனாள் என்ற பொருளில் தொடரின் படைப்பாளர்களில் ஒருவரான டேவிட் பெனியாஃப் விளக்கம் கொடுத்தார். 73 அத்தியாயங்களை நினைவில் வைத்திருந்த ரசிகர்களுக்குக் கிடைத்த விளக்கம் அது. கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். அதைச் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன ரசிகர்களின் அடம் என்று சிலர் ஒதுக்கினார்கள். எட்டு ஆண்டுகள் ஒரு உலகத்தை நம்பியவர்கள் கேட்ட கணக்கு அது.

காலப்பயணக் கதைகளில் இந்த ஆபத்து இரட்டிப்பு. 1999-இல் வந்த மூன்றாம் ஹாரி பாட்டர் நாவலில் ஹெர்மயனியிடம் காலத்தைத் திருப்பும் சிறு கருவி இருக்கிறது. அதன் விதி அற்புதமானது. பின்னால் போகலாம், ஆனால் நடந்ததை மாற்ற முடியாது. நீங்கள் போய்ச் செய்தது ஏற்கெனவே நடந்ததில் ஒரு பகுதியாக இருக்கும். ஏரிக்கரையில் தன்னைக் காப்பாற்றியது இறந்துபோன அப்பா என்று நினைத்த ஹாரி, அது தானேதான் என்று உணரும் இடம் அந்த விதியால்தான் நெஞ்சைத் தொடுகிறது. இந்தக் கருவி கையில் இருந்தால் எந்தச் சாவையும் தடுக்கலாமே என்ற கேள்வி வரும் என்பது ஜே.கே. ரவுலிங்குக்குத் தெரிந்திருந்தது. காலப்பயணத்துக்குள் யோசிக்காமல் இறங்கிவிட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 2003-இல் ஐந்தாம் நாவலில் மந்திர அமைச்சகத்தில் இருந்த கருவிகள் அத்தனையையும் உடைத்துப் போட்டார். பொறுப்பான வேலை அது.

2016-இல் லண்டனில் அரங்கேறிய 'கர்ஸ்ட் சைல்ட்' நாடகம் புதிதாக ஒரு கருவியைக் கொண்டுவந்தது. இப்போது இறந்தகாலத்தை மாற்றலாம். மாற்றினால் ஹாரியின் பரம எதிரி வால்டமார்ட் வென்ற வேறொரு நிகழ்காலம் பிறக்கும். நாடகம் மேடையில் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் ஏரிக்கரையில் ஹாரி கண்டுகொண்ட உண்மை அந்த வெற்றியில் கரைந்துபோனது. நடந்தது நடந்ததுதான் என்ற துக்கத்தின் மேல் கட்டிய ஏழு நாவல்களுக்கு அது செய்த அநீதி பெரியது.

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019-இல் இன்னொரு விதமாகச் சறுக்கியது. இறந்தகாலத்தை மாற்றினாலும் தங்கள் நிகழ்காலம் மாறாது என்று பாத்திரங்களே அமர்ந்து விளக்குகிறார்கள். முடிவில் கேப்டன் அமெரிக்கா கடந்தகாலத்தில் முழு வாழ்க்கை வாழ்ந்துவிட்டு முதியவராக ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார். எப்படி வந்தார்? படத்தின் இயக்குநர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். திரைக்கதை எழுதியவர்கள் வேறொரு விளக்கம் சொன்னார்கள். கதைக்குள் இருக்க வேண்டிய பதிலைப் பேட்டிகளில் தேட வேண்டியிருந்தால், எழுதும் மேசையில் ஒரு வேலை பாக்கி நின்றுவிட்டது என்று பொருள்.

மாற்றவே கூடாது என்பதல்ல வாதம். நீண்ட கதைகளில் பழைய விதி புதிய தேவைக்கு இடிக்கத்தான் செய்யும். அப்போது நேர்மையாக மாற்ற வழி இருக்கிறது. அதற்கு ஜே.ஆர்.ஆர். டோல்கீனைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

1937-இல் வந்த 'தி ஹாபிட்' நாவலில் பில்போ என்ற சிறு மனிதன் இருண்ட குகையில் கொல்லம் என்ற விசித்திரப் பிறவியோடு விடுகதைப் போட்டி போடுகிறான். முதல் பதிப்பின்படி, தோற்றால் தன் மந்திர மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகக் கொல்லம் சொல்லியிருந்தது. தோற்ற பிறகு மோதிரத்தைத் தேடிக் காணாமல், நிஜமாகவே மன்னிப்புக் கேட்டு வெளியேறும் வழியைக் காட்டுகிறது. சிறுவர் கதைக்கு அது போதுமானது. பிறகு டோல்கீன் அடுத்த நூலை எழுதத் தொடங்கினார். அதில் அந்த மோதிரம் வைத்திருப்பவரை அடிமையாக்கும் தீய சக்தியாக வளர்ந்தது. அப்படிப்பட்ட மோதிரத்தை மனமுவந்து பரிசாகத் தர யாரால் முடியும்? இரண்டு நூல்களும் ஒன்றையொன்று பொய்யாக்கின.

1947-இல் அந்த அத்தியாயத்தை எப்படி மாற்றலாம் என்று ஒரு மாதிரியைத் தன் பதிப்பாளரான ஆலன் அண்ட் அன்வினுக்கு அனுப்பினார். 1950-இல் புதிய பதிப்பின் அச்சுப்பிரதி திருத்தத்துக்கு வந்தபோது, அந்த மாதிரி அப்படியே நூலில் சேர்ந்திருப்பதைக் கண்டு திகைத்தார். அதை ஏற்றுக்கொண்டார். 1951 பதிப்பில் கொல்லம் மோதிரத்தைப் பந்தயம் வைக்கவில்லை. காணவில்லை என்றதும் திருடன் என்று அலறிக்கொண்டு பில்போவைக் கொல்லத் துரத்துகிறது. இதோடு நிறுத்தியிருந்தால் சாதாரணத் திருத்தம். முதல் பதிப்பைப் படித்த வாசகர்களையும் டோல்கீன் கைவிடவில்லை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலின் முன்னுரையில், அந்தப் பழைய வடிவம் பில்போ தன் தோழர்களிடம் சொன்ன பொய் என்று எழுதினார். மோதிரம் தனக்கே உரியது என்று காட்டிக்கொள்ள அவன் சொன்ன பொய். நேர்மையான ஒருவனைப் பொய் சொல்ல வைத்ததே மோதிரத்தின் தீமைக்கு முதல் அடையாளம் என்று மந்திரவாதி கேண்டால்ஃப் சந்தேகிக்கிறார். எழுத்தாளரின் முரண்பாடு கதையின் ஆழமாக மாறிவிட்டது. முன்பு நம்பியவரும் ஏமாறவில்லை.

'டாக்டர் ஹூ' தொடரும் இப்படி ஒரு கடனைத் தீர்த்தது. காலத்தின் பிரபு ஒருவர் 12 முறைதான் உருமாறிப் பிறக்கலாம் என்று 1976-இல் ஒரு கதை விதி வகுத்தது. 2013-இல் எண்ணிக்கை தீர்ந்துபோனது. விதியை மறந்துபோனதாக நடிக்காமல், எழுத்தாளர் ஸ்டீவன் மாஃபட் அதையே கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தின் மையமாக்கினார். காலத்தின் பிரபுவான டாக்டர் ஓர் ஊரைக் காக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே இருந்து, முதுமையடைந்து, சாவின் விளிம்புக்கு வந்த பிறகே, அவருக்காக ஒருத்தி மன்றாடிக் கேட்டுப் புதிய சுழற்சி கிடைக்கிறது. சலுகை கிடைத்தது, விலையும் கொடுக்கப்பட்டது.

விலை கொடுக்க மறுத்ததற்கு 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொடர் நிரந்தரச் சாட்சி. 1985-இல் நடிகர் பேட்ரிக் டஃபி விலகியதால் பாபி என்ற பாத்திரம் இறந்தது. 1986-இல் அவர் திரும்பிவந்தபோது, இடையில் ஓடிய ஒரு முழுப் பருவமும் மனைவி கண்ட கனவு என்று சொல்லிவிட்டார்கள். அதே உலகத்தில் ஓடிய 'நாட்ஸ் லேண்டிங்' என்ற கிளைத்தொடரில் பாபி செத்தவன் செத்தவனாகவே இருந்தான். ஓராண்டு முழுவதும் அந்தக் குடும்பத்தோடு துக்கம் கொண்டாடியவர்கள் எதற்காக அழுதார்கள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

ஸ்டீபன் கிங் 1987-இல் எழுதிய 'மிசரி' நாவலில் இந்தக் கோபத்துக்கு ஒரு குரல் உண்டு. ஆனி வில்க்ஸ் கொடூரமானவள். எழுத்தாளனைச் சிறைப்பிடித்து, அவன் கொன்றுவிட்ட நாயகியை உயிர்ப்பித்து எழுதச் சொல்கிறாள். அவன் அவசரமாக ஏதோ எழுதிக் கொடுக்க, ஏமாற்று வேலை என்று தூக்கி எறிகிறாள். சிறுவயதில் திரையரங்கில் பார்த்த தொடர்படத்தில், நாயகன் காரோடு பள்ளத்தில் விழுவது போல ஒரு வாரம் முடிந்தது; அடுத்த வாரம் அவன் முன்பே வெளியே குதித்துவிட்டதாகக் காட்டினார்கள்; அரங்கில் எல்லோரும் கைதட்ட, அவள் மட்டும் எழுந்து கத்தினாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வது சரி என்று எழுத்தாளனுக்கே தெரிகிறது. முந்தைய நாவலில் எழுதியதைப் பொய்யாக்காமல் வழி தேட உட்காருகிறான். அவன் வாழ்க்கையிலேயே சிறந்த எழுத்து அப்போதுதான் பிறக்கிறது. கட்டுப்பாடு கற்பனையை நெரிக்கும் என்பவர்கள் இந்த நாவலை ஒருமுறை படிக்கலாம்.

தமிழ் ரசிகர் இதையெல்லாம் யோசிக்க மாட்டார் என்ற எண்ணம் திரைத்துறையில் சிலரிடம் இருக்கிறது. அது தவறு. 2021-இல் வெங்கட் பிரபுவின் 'மாநாடு' வந்தபோது, நாயகன் சாகும்போதெல்லாம் அதே நாள் முதலிலிருந்து தொடங்கும் என்ற விதியை எல்லா ஊர்த் திரையரங்குகளிலும் புரிந்துகொண்டார்கள். எஸ்.ஜே. சூர்யா நடித்த தனுஷ்கோடி பாத்திரத்துக்கும் அந்தச் சுழல் தெரியவந்ததும் படம் சூடுபிடித்தது. விதி மாறாமலே ஆட்டம் மாறியது. அரங்கம் அதிர்ந்தது அந்த இடத்தில்தான்.

நாயகன் இருபது பேரை அடிக்கும் படங்களும் விதிவிலக்கல்ல. முதல் சண்டையிலேயே அவன் யாரென்று படம் சொல்லிவிடுகிறது. ரசிகர் அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறார். இருபது பேரை அடித்தவன் இடைவேளைக்கு முன் இரண்டு அடியாட்களிடம் மாட்டிக்கொண்டு கட்டிப்போடப்படும்போதுதான் நாற்காலியில் நெளிகிறார். நாயகி கடத்தப்பட வேண்டும் என்ற திரைக்கதையின் அவசரத்துக்காக நாயகனின் பலம் கழற்றி வைக்கப்படுகிறது. காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று அவருக்கு அங்கே தெரிந்துவிடுகிறது.

படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்க்க ஓர் உதவி இயக்குநர் இருக்கிறார். சட்டையின் எத்தனையாவது பொத்தான் திறந்திருந்தது, காயம் எந்தக் கன்னத்தில் இருந்தது என்பதையெல்லாம் அவர் குறித்து வைக்கிறார். ஆனால் முதல் பாதியில் பாத்திரத்துக்கு எது முடியாது என்று சொன்னோம், பேய்க்கு என்ன எல்லை வைத்தோம், இயந்திரம் எத்தனை முறை வேலை செய்யும் என்றோம் என்பதைக் குறித்து வைப்பது யார் பொறுப்பு? தொலைக்காட்சித் தொடர்களில் நிலைமை இன்னும் மோசம். வாராவாரம் வரும் டிஆர்பி எண்ணைப் பார்த்துக் கதை திரும்புகிறது. நினைவிழந்தவர் வசதியான நாளில் நினைவு பெறுகிறார். சிதையில் வைத்தவர் திரும்பி வருகிறார். எழுதுபவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. தினமும் அரை மணி நேரக் காட்சியை நிரப்ப வேண்டியவர்களுக்குப் பழைய அத்தியாயங்களை எடுத்துப் பார்க்க நேரம் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் பெரிய தொடர்கள் தங்கள் உலகத்தின் விதிகளைத் தொகுத்து எழுத்தாளர்களுக்குக் கையேடாகவே கொடுக்கின்றன. 'ஸ்டார் ட்ரெக்' 1960-களிலேயே அதைச் செய்தது. கையேடு இருந்தும் மீறல்கள் நடக்கின்றன என்பது உண்மை. இல்லாத இடத்தில் மீறியதை உணரக்கூட ஆளில்லை.

இங்கே தேவைப்படுவது பெரிய செலவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் தொடருக்கும், அந்த உலகத்தில் எது முடியும், எது முடியாது என்பதைச் சில பக்கங்களில் எழுதி வைக்க வேண்டும். விதியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்குப் பாத்திரங்கள் கொடுக்கும் விலை என்ன என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். கதை விவாதத்தில் பெரும்பாலும் கடைசி வரிசையில் இருக்கும் ஓர் இளம் உதவி இயக்குநர்தான், "சார், முதல் பாதியில் இது முடியாதுன்னு சொன்னோமே" என்று கேட்கிறார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகாமல், அவர் கேட்டதற்குக் கதைக்குள்ளேயே ஒரு பதில் எழுதி முடித்த பிறகு தயாரிப்பாளர் படப்பிடிப்புத் தேதியைக் குறிக்கட்டும்.